கோச்சடையான் (திரைப்படம்)

கோச்சடையான் 2014 ஆம் ஆண்டு மே 23 அன்று வெளிவந்த தமிழ் அசைவூட்டத் திரைப்படமாகும். சௌந்தர்யா ரஜினிகாந்த் அஸ்வின் இயக்கிய முதல் திரைப்படமான இதற்கு கே. எஸ். ரவிக்குமார் கதை, திரைக்கதை, வசனம் எழுதினார். ரஜினிகாந்த், சரத்குமார், ஆதி, தீபிகா படுகோண், சாக்கி செராப், நாசர், சோபனா ஆகியோர் நடித்துள்ளனர். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். அரசனின் பொறாமையால் துரோகி எனப் பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு படைத்தலைவனையும், அவன் முடிக்காமல் விட்டுச் சென்ற பணியை நிறைவேற்றும் மகனையும் பற்றியது இதன் கதை. தந்தை, மகன் ஆகிய இரு பாத்திரங்களிலும் ரஜினிகாந்தே தோன்றுகிறார். படமாகாமல் நின்றுபோன 'ராணா' என்னும் திரைப்படத்தின் முன்கதை என இது தொடக்கத்தில் செய்திகளில் குறிப்பிடப்பட்டது.

நடிகர்களின் உடலசைவுகளைக் கருவிகளால் பதிவுசெய்து, அவற்றைக் கணினியில் உருவாக்கிய உருவங்களுக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் தொழில்நுட்பத்தில் இப்படம் எடுக்கப்பட்டது. இத்தொழில்நுட்பத்தைக் கொண்டு மெய்யான மனிதரைப் போன்ற உருவங்களை உருவாக்கிய முதல் இந்திய முழுநீளத் திரைப்படம் என இது விளம்பரப்படுத்தப்பட்டது.

பெயர்க் காரணம்

'கோச்சடையான்' என்பது கோ, சடையான் என்னும் இரு சொற்களால் ஆனது. கோ என்பது அரசனையும், சடையான் என்பது சடை உடையவனான சிவனையும் குறிக்கும். படத்தின் தலைமைப் பாத்திரம் நீண்ட சடையுடன் காட்டப்படுவதும், அவன் சிவதாண்டவம் ஆடும் காட்சி இடம்பெறுவதும் பெயருக்குப் பொருத்தமாக அமைந்துள்ளன.

கோச்சடையான் ரணதீரன் எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பாண்டிய மன்னன் ஆவான். இவன் அரிகேசரி மாறவர்மனின் மகனும், மாறவர்மன் இராசசிம்மனின் தந்தையும் ஆவான். இவனைப் பற்றிய செய்திகளை, இவனுடைய பேரன் நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு தருகிறது. கடுங்கோன் தொடங்கி மன்னர்களை வரிசையாகக் கூறிச் செல்லும் இச்செப்பேடு, முற்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மையான சான்றாகும்.

திரைப்படத்தின் கதைக்கும் இம்மன்னனின் வரலாற்றுக்கும் தொடர்பு இல்லை. படத்தில் வரும் கோச்சடையான் அரசன் அல்லன், படைத்தலைவன். கோட்டைப்பட்டினம், கலிங்கபுரி ஆகிய இரு நாடுகளும் கற்பனையே. ஆயினும் கோச்சடையான் ரணதீரன் என்ற ஒரே மன்னனின் பெயரை, தந்தைக்குக் கோச்சடையான் எனவும் மகனுக்கு ராணா எனவும் படத்தின் பாத்திரப் பெயர்கள் நினைவூட்டுகின்றன.

கதைச் சுருக்கம்

எச்சரிக்கை: கதையின் முடிவு உட்பட முழுக்கதையும் கீழே தரப்பட்டுள்ளது.

கோட்டைப்பட்டினமும் கலிங்கபுரியும் ஒன்றையொன்று பகைக்கும் நாடுகள். கோட்டைப்பட்டினத்தைச் சேர்ந்த ராணா என்னும் சிறுவன், தன் சகோதரன் சேனா தடுத்தும் கேளாமல் வீட்டை விட்டு வெளியேறுகிறான். ஆற்று வெள்ளத்தில் சிக்கி மயங்கிய அவனைக் கலிங்கபுரி மீனவர் காப்பாற்றி வளர்க்கின்றனர். போர்ப்பயிற்சி பெற்று வளரும் ராணா, மன்னன் ராஜ மகேந்திரனின் நம்பிக்கையைப் பெற்று அந்நாட்டின் படைத்தலைவன் ஆகிறான்.

கலிங்கபுரியில் கோட்டைப்பட்டினத்து வீரர்கள் பலர் அடிமைகளாக வேலை வாங்கப்படுகின்றனர். அவர்களுக்கு விடுதலை அளித்துப் படையில் சேர்த்தால் போரில் பயன்படுவர் என்று கூறி ராணா ஒப்புதல் பெறுகிறான். பின்னர் இளவரசன் வீர மகேந்திரனுடன் கோட்டைப்பட்டினத்தின் மீது படையெடுக்கிறான். போர்க்களத்தில் தன் இளமைக்கால நண்பனும் அந்நாட்டு இளவரசனுமான செங்கோடகனைக் கண்டதும், விடுவிக்கப்பட்ட வீரர்கள் அனைவருடனும் தன் தாய்நாட்டின் பக்கம் சேர்ந்துவிடுகிறான். ஏமாற்றப்பட்ட வீர மகேந்திரன் பழிவாங்கச் சூளுரைக்கிறான்.

கோட்டைப்பட்டினத்தில் ராணா தன் தங்கை யமுனாவைச் சந்திக்கிறான். தாய் இறந்துவிட்டதையும் சேனா காணாமற்போனதையும் அறிகிறான். யமுனாவும் செங்கோடகனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். மன்னன் ரிஷிகோடகன் எதிர்த்தபோதும், அவனுடைய மகள் வதனாவின் துணையோடு ராணா அவர்களுக்குத் திருமணம் செய்து வைக்கிறான். ராணாவும் வதனாவும் காதல் கொள்கின்றனர். இதற்கிடையே முகமூடி அணிந்த ஒருவன் மன்னனைக் கொல்ல முயல்கிறான். மறுமுறை முயலும்போது வதனா அவனைப் பிடிக்கிறாள். முகமூடிக்குள் இருப்பவன் ராணா என்பது தெரியவருகிறது. அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது.

காரணம் கேட்கும் வதனாவிடம், தான் கோச்சடையானின் மகன் என்பதை ராணா கூறுகிறான். கோச்சடையான் கோட்டைப்பட்டினத்தின் படைத்தலைவனாக விளங்கியவன். மன்னனைவிட அவனையே மக்கள் மிகுதியாக மதித்தனர். இதனால் ரிஷிகோடகன் அவன்மீது பொறாமை கொண்டிருந்தான். குதிரைகளும் படைக்கலன்களும் பெற்றுக் கோச்சடையான் கப்பலில் திரும்பும் வழியில் கலிங்கபுரிப் படை தாக்குகிறது. அத்தாக்குதலை அவன் முறியடிக்கிறான். ஆனால் பின்வாங்கும் முன் எதிரிகள் கப்பலில் இருந்த உணவில் நஞ்சு கலந்துவிடுகின்றனர். அதனை உண்ட வீரர்கள் நோயுற்றுச் சாகும் நிலையை அடைகின்றனர். மருந்து கேட்டுக் கோச்சடையான் பகைவனின் நாட்டுக்கே செல்கிறான். வீரர்களுக்கு மருத்துவம் செய்ய வேண்டுமானால் கப்பல்களையும் குதிரைகளையும் ஒப்படைத்து, வீரர்களையும் அடிமைகளாக விட்டுச்செல்ல வேண்டும் என்று ராஜ மகேந்திரன் நிபந்தனை விதிக்கிறான். முதலில் அவர்கள் உயிரைக் காப்போம், பின்னர் படையெடுத்து மீட்போம் என்று எண்ணிக் கோச்சடையான் இணங்குகிறான்.

நாடு திரும்பிய அவனைத் துரோகி எனக் குற்றஞ்சாட்டி ரிஷிகோடகன் மரணதண்டனை விதிக்கிறான். மனைவி யாகவி நீதி கேட்டு வாதாடியும் பயனில்லை. சிறுவன் ராணாவின் கண்முன்னே தண்டனை நிறைவேற்றப்படுகிறது. அன்றே ராணா, தந்தை விட்டுவந்த வீரர்களை மீட்பதென்றும், தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்குவதென்றும் உறுதி பூணுகிறான்.

வதனாவை வீர மகேந்திரனுக்கு மணமுடித்து கலிங்கபுரியின் துணையைப் பெற ரிஷிகோடகன் முயல்கிறான். சிறையிலிருந்து தப்பும் ராணா இறுதிப் போரில் வெற்றி பெற்று ரிஷிகோடகனைக் கொல்கிறான். காணாமற்போயிருந்த சேனா தோன்றுவதுடன், அடுத்த கதைக்கு இடம்வைத்துப் படம் முடிகிறது.

தந்தை மகன் உறவு

படத்தின் பெயர் தந்தையினுடையது. ஆனால் கதையின் பெரும்பகுதியில் வருபவன் மகன். கோச்சடையான் பிற்பாதியில் பின்னோக்குக் காட்சியில் மட்டுமே வருகிறான். இதனால் ராணாவின் செயல்களைப் பார்வையாளர் முதலில் காரணம் அறியாமலே காண்கின்றனர். சிறுவன் வீட்டை விட்டு ஓடியதும், பகைநாட்டில் படைத்தலைவன் ஆனதும், அடிமை வீரர்களை விடுவித்ததும் தனித்தனி நிகழ்ச்சிகளாகத் தோன்றுகின்றன. தந்தையின் கதை சொல்லப்பட்ட பிறகே அவை அனைத்தும் ஒரே நோக்கம் கொண்டவை என்பது விளங்குகிறது.

ராணா ஏற்றுக்கொள்ளும் பொறுப்புகள் இரண்டு. ஒன்று பழிவாங்குதல். மற்றொன்று தந்தை கைவிட நேர்ந்த வீரர்களை மீட்டல். இவற்றுள் மீட்பே முதலில் நிறைவேறுகிறது. மீட்பின்றிப் பழிவாங்கல் மட்டும் நடந்திருந்தால், வீரர்களைப் பகைவனிடம் விட்டுவந்தவன் என்ற பழி கோச்சடையானின் பெயரில் நிலைத்திருக்கும். வீரர்கள் உயிருடன் நாடு திரும்பியதே அவன் செய்த முடிவு சரியானது என்பதற்குச் சான்றாகிறது. அவ்வகையில் மகன் தந்தையின் உயிருக்கு ஈடு கேட்பதோடு அமையாமல், தந்தையின் சொல்லையும் மெய்யாக்குகிறான். மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு யாது என்பது திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் பேசப்படும் பொருளாகும்.

தந்தையாகவும் மகனாகவும் ஒரே நடிகர் தோன்றுவது தமிழ்த் திரைப்படங்களில் நெடுங்கால வழக்கமாகும். ரஜினிகாந்த் நெற்றிக்கண் (1981), மூன்று முகம் (1982), முத்து (1995), அருணாச்சலம் (1997) ஆகிய படங்களிலும் இவ்வாறு நடித்துள்ளார். இவற்றுள் ஏ. ஜெகந்நாதன் இயக்கிய மூன்று முகம் கோச்சடையானுக்கு நெருக்கமானது. அதிலும் நேர்மையான தந்தை கொல்லப்படுகிறார். அதிலும் ஒரு தந்தை, இரு மகன்கள் என மூன்று வேடங்களை ரஜினிகாந்த் ஏற்றார். நெற்றிக்கண்ணில் இதற்கு மாறாக, ஒழுக்கம் தவறும் தந்தையைத் திருத்த முயல்பவனாக மகன் வருகிறான்.

வேறு நாட்டு அசைவூட்டப் படங்களிலும் இப்பொருள் கையாளப்பட்டுள்ளது. 1942 இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' படத்தில் தாயை இழந்த மான்குட்டியின் தந்தை சில காட்சிகளில் மட்டுமே வருகிறது. அதன் தொடர்ச்சியாக 2006 இல் வந்த 'பாம்பி 2', தாயின் இறப்புக்குப் பின் தந்தை மான் தன் குட்டியை வளர்க்கப் பழகுவதை முழுக்கதையாக்கியது. அப்படத்தில் தந்தையும் மகனும் உடன் வாழ்ந்து ஒருவரையொருவர் அறிகின்றனர். கோச்சடையானில் தந்தை இறந்துவிடுவதால், அவர் விட்டுச்சென்ற கடமை வழியாகவே மகன் அவரை அணுகுகிறான்.

நடிகர்கள்

ரஜினிகாந்த் – கோச்சடையான், ராணா, சேனா
தீபிகா படுகோண் – வதனா தேவி
சரத்குமார் – செங்கோடகன்
ஆதி – வீர மகேந்திரன்
சாக்கி செராப் – ராஜ மகேந்திரன்
நாசர் – ரிஷிகோடகன்
சோபனா – யாகவி
ருக்மிணி விஜயகுமார் – யமுனா தேவி

இவர்களைத் தவிர, 2009 ஆம் ஆண்டு சனவரி 31 அன்று காலமான நடிகர் நாகேஷின் உருவமும் கணினி வழியாக உருவாக்கப்பட்டு ஒரு பாத்திரமாக இடம்பெற்றது. மறைந்த நடிகர் ஒருவரை இவ்வாறு புதிய பாத்திரத்தில் தோன்றச் செய்தது அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

உருவாக்கம்

ரஜினிகாந்தை அசைவூட்ட உருவமாகக் காட்டும் முயற்சி இப்படத்துடன் தொடங்கியதன்று. அவருடைய இளைய மகளான சௌந்தர்யா, தம் ஆக்கர் நிறுவனத்தின் மூலம் 'சுல்தான்: தி வாரியர்' என்னும் அசைவூட்டப் படத்தை 2007 இல் அறிவித்தார். பின்னர் 'ஹரா' எனப் பெயர் மாற்றப்பட்ட அப்படம் வெளிவரவில்லை.

எந்திரன் (2010) படத்திற்குப் பின், கே. எஸ். ரவிக்குமார் இயக்கத்தில் 'ராணா' என்னும் வரலாற்றுப் பின்னணி கொண்ட படத்தில் ரஜினிகாந்த் நடிப்பதாக 2011 இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. 2011 ஏப்ரல் 29 அன்று அதன் தொடக்க விழா நடைபெற்றது. அதே நாளில் ரஜினிகாந்த் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தொடர்ந்து சிங்கப்பூரிலும் சிகிச்சை பெற்றார். குதிரையேற்றமும் வாட்போரும் நிறைந்த ராணா நின்றுபோயிற்று.

அதே ஆண்டு நவம்பரில் கோச்சடையான் அறிவிக்கப்பட்டது. ராணாவை இயக்கவிருந்த ரவிக்குமார் இதற்குக் கதை, வசனம் எழுதினார். ராணாவில் நடிக்கவிருந்த தீபிகா படுகோண் இதில் நாயகியானார். தங்கை வேடத்திற்கு முதலில் தெரிவுசெய்யப்பட்ட சினேகா விலகியதால் ருக்மிணி விஜயகுமார் நடித்தார். நோயிலிருந்து மீண்ட நடிகரின் உடலுக்குப் பெரும் இடர் இல்லாமல் போர்க்காட்சிகளை அமைக்க அசைவூட்டம் வாய்ப்பளித்தது.

மீடியா ஒன் குளோபல் என்டர்டெயின்மெண்ட், ஈராஸ் இன்டர்நேசனல் ஆகிய நிறுவனங்கள் படத்தைத் தயாரித்தன. 2012 மார்ச்சில் லண்டனில் தொடங்கிய அசைவுப் பதிவு, பின்னர் திருவனந்தபுரத்திலும் நடைபெற்றது. ராஜீவ் மேனன் ஒளிப்பதிவையும், ஆண்டனி படத்தொகுப்பையும், ரசூல் பூக்குட்டி ஒலி வடிவமைப்பையும் மேற்கொண்டனர். உடைகளை நீத்தா லுல்லா வடிவமைத்தார்.

தொழில்நுட்பம்

வழமையான அசைவூட்டத்தில் பாத்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் ஓவியரே வரைகிறார் அல்லது கணினியில் அமைக்கிறார். மோஷன் கேப்சர் முறையில் அசைவு நடிகரிடமிருந்தே பெறப்படுகிறது. இதன் படிகள் பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

நடிகர் உடலை ஒட்டிய ஆடை அணிந்திருப்பார். அதன் மூட்டுப்பகுதிகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு குறிகள் பொருத்தப்பட்டிருக்கும்.
அரங்கைச் சுற்றி வைக்கப்பட்டுள்ள பல ஒளிப்படக்கருவிகள் அக்குறிகளின் இடத்தை நொடிதோறும் பலமுறை பதிவுசெய்யும்.
பல கோணங்களில் பதிவானவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு குறியும் வெளியில் இருந்த இடத்தைக் கணினி கணக்கிடும். இதிலிருந்து நடிகரின் எலும்புக்கூடு போன்ற அசையும் அமைப்பு கிடைக்கும்.
அவ்வமைப்பின் மேல் பாத்திரத்தின் உருவம் போர்த்தப்படும். தோல், முடி, உடை, ஒளி, பின்னணி ஆகியவை பின்னர் சேர்க்கப்படும்.
முகபாவனைகள் தனியாகப் பதிவுசெய்யப்பட்டு உருவத்துடன் இணைக்கப்படும்.

இம்முறையில் நடிகரின் வயதும் தோற்றமும் தடையாவதில்லை. அறுபது வயதைக் கடந்த ரஜினிகாந்த், இப்படத்தில் இளைஞனான ராணாவாகத் தோன்றுகிறார். ஒருவரே தந்தையாகவும் மகனாகவும் நடிப்பதற்கு முன்னர் ஒப்பனையும் இரட்டைப்பதிவும் தேவைப்பட்டன. இங்கு ஒரே நடிகரின் அசைவுகள் இருவேறு உருவங்களுக்கு ஏற்றப்பட்டன.

தமிழ்நாட்டிற்கு இத்துறை முற்றிலும் புதியதன்று. சென்னையைச் சேர்ந்த பென்டாபோர் நிறுவனம் பங்கேற்று 2000 இல் வெளிவந்த 'சிந்துபாத்' ஆங்கிலப் படம், முழுவதும் அசைவுப் பதிவால் உருவான தொடக்ககால முழுநீளப் படங்களுள் ஒன்றாகும். பாண்டவர் கதையைக் கூறிய 'பாண்டவாஸ்' என்னும் ஆங்கில அசைவூட்டப் படமும் சென்னையிலிருந்தே வந்தது. இளையராஜா இசையமைத்த 'இனிமே நாங்கதான்' (2007) தமிழில் முப்பரிமாண அசைவூட்டத்தில் வந்த முன்னோடிப் படமாகும். மெய்யான, மக்கள் நன்கறிந்த நடிகர்களின் முகங்களையே கணினியில் உருவாக்க முயன்றதில் கோச்சடையான் இவற்றிலிருந்து வேறுபடுகிறது.

இசை

ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாடல்கள் 2014 மார்ச் 9 அன்று சென்னை சத்யம் திரையரங்கில் நடந்த விழாவில் வெளியிடப்பட்டன. பெரும்பாலான பாடல்களை வைரமுத்து எழுதினார். 'மெதுவாகத்தான்' பாடலை எழுதிய கவிஞர் வாலி, படம் வெளிவருமுன் 2013 சூலையில் காலமானார். 'மாற்றம் ஒன்றுதான் மாறாதது' பாடலில் ரஜினிகாந்தின் குரலும், 'மணப்பெண்ணின் சத்தியம்' பாடலில் அவருடைய மனைவி லதா ரஜினிகாந்தின் குரலும் இடம்பெற்றன. எஸ். பி. பாலசுப்பிரமணியம், ஹரிசரண், ஸ்ரீநிவாஸ், சின்மயி, சாதனா சர்கம், ஏ. ஆர். ரெய்கானா ஆகியோரும் பாடியுள்ளனர்.

வெளியீடும் வரவேற்பும்

2014 மே 9 அன்று வெளியாவதாக இருந்த படம் இரண்டு வாரம் தள்ளிப்போய் மே 23 அன்று வெளிவந்தது. தமிழ் தவிர தெலுங்கு, இந்தி உள்ளிட்ட பிற மொழிகளிலும் வெளியிடப்பட்டது. தெலுங்கில் இதன் பெயர் 'விக்ரமசிம்ஹா' என்பதாகும். எந்திரனுக்குப் பின் மூன்றரை ஆண்டுகள் கழித்து வந்த ரஜினிகாந்த் படம் என்பதால் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது.

கதை, வசனம், இசை, ரஜினிகாந்தின் குரல் ஆகியவை பாராட்டப்பட்டன. அசைவூட்டத்தின் தரம் பரவலாகக் குறைகூறப்பட்டது. பாத்திரங்களின் நடை இயல்பாக இல்லை என்றும், முகங்களில் உணர்ச்சி போதவில்லை என்றும் விமர்சனங்கள் எழுந்தன. வணிக அடிப்படையில், குறிப்பாக இந்தியில், படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை.

கணினி உருவம் மனித உருவத்தை மிகவும் நெருங்கியும் முழுமையாக ஒத்திராதபோது, காண்போருக்கு ஒருவகை ஒவ்வாமை ஏற்படுகிறது. இதனை சப்பானியப் பொறியியலாளர் மசாகிரோ மோரி 1970 இல் எந்திர மனிதர்கள் தொடர்பாக விளக்கினார். 2004 இல் வெளிவந்த 'தி போலார் எக்சுபிரசு' என்னும் அமெரிக்கப் படமும் இதே குறைகூறலுக்கு உள்ளானது. கோச்சடையானில் இச்சிக்கல் இன்னும் கூடியது. அதன் உருவங்கள் கற்பனை முகங்கள் அல்ல, பார்வையாளர் பல பத்தாண்டுகளாகக் கண்டு பழகிய முகங்கள். கண்ணிமையிலோ உதட்டசைவிலோ ஏற்படும் சிறு வேறுபாடும் உடனே புலப்படும். தந்தையின் தண்டனையை மகன் காண்பது போன்ற, முகபாவனையை நம்பி நிற்கும் காட்சிகளையே இக்குறை மிகுதியாகத் தாக்கியது எனலாம்.

செலவு வேறுபாடும் கருதத்தக்கது. கோச்சடையானுக்கு ஏறத்தாழ 125 கோடி ரூபாய் செலவானதாகச் செய்திகளில் கூறப்பட்டது. இது அன்றைய மதிப்பில் சுமார் 2 கோடி அமெரிக்க டாலர் ஆகும். இதே வகைத் தொழில்நுட்பத்தில் 2011 இல் வந்த ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கின் 'டின்டின்' படத்திற்கு ஏறத்தாழ 13.5 கோடி டாலர் செலவானது. அதாவது ஆறில் ஒரு பங்குச் செலவில், அசைவுப் பதிவு தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கோச்சடையான் முடிக்கப்பட்டது.

தொடர்ச்சி

சேனாவின் வருகையுடன் கதை முடிவதால் இரண்டாம் பாகம் வரக்கூடும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அத்தகைய படம் வெளிவரவில்லை. 2014 திசம்பரில் வெளிவந்த ரஜினிகாந்தின் அடுத்த படமான லிங்கா, கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய வழமையான திரைப்படமாகும். அதில் அவர் தாத்தாவாகவும் பேரனாகவும் இரு வேடங்களில் நடித்தார். சேனா எங்கிருந்தான், தந்தையின் இறப்பை அவன் எவ்வாறு எதிர்கொண்டான் என்பன விடையின்றி நிற்கின்றன. ராணாவின் முன்கதையாகப் பேசப்பட்ட கோச்சடையான், ராணாவும் படமாகாத நிலையில், முன்னும் பின்னும் வேறு பாகம் இல்லாத தனிப்படமாக நிலைத்துவிட்டது.